காட்சியில் இல்லாத சப்தம்

பேசும் படம் பிறந்தபோது, அதுவரை ஊமையாயிருந்த ஒரு கலைக்கு வாய் வந்துவிட்டதென்று உலகம் மகிழ்ந்தது. 1927 அக்டோபரில் அமெரிக்காவில் ‘ஜாஸ் சிங்கர்’ வெளியாயிற்று. 1931 மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’வும், அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சென்னையில் ‘காளிதாஸ்’ படமும் திரைக்கு வந்தன. அந்த நாலைந்து ஆண்டுகளில் வாய் வந்த ஆனந்தமே பெரிதாக இருந்தபடியால், அதோடு கூடவே காதும் வந்திருக்கிறது என்பதையும், வாயைக் காட்டிலும் காது நுட்பமான இந்திரியம் என்பதையும் நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலராகவே இருந்தார்கள். நடிகர் பேசுவதும் பாடுவதும் தெளிவாகக் கேட்டால் போதும், கதவு மூடும்போது கதவின் ஓசையும் குதிரை ஓடும்போது குளம்போசையும் கேட்டுவிட்டால் அதற்கு மேல் வேண்டுவதில்லை என்றே பொதுவாகக் கருதினார்கள். காட்சி எஜமானன், சப்தம் அவனுக்குப் பின்னால் குடை பிடித்துச் செல்லும் ஏவலாள் என்ற இந்த அபிப்பிராயம் இன்றைக்கும் பெரும்பாலும் மாறவில்லை. இதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கண்ணுக்குத் தெரிவதைக் காதுக்கும் ஒருமுறை சொல்லிவைப்பது சப்தத்தின் சிறு தொழில். கண்ணுக்குத் தெரியாததைக் கொண்டுவந்து நம் எதிரே நிறுத்துவது அதன் பெருந்தொழில். சினிமாவில் சப்தத்தின் உண்மையான ஸ்தானத்தை அறிய விரும்புகிறவன் இந்த இரண்டாவது தொழிலைத்தான் ஆராய வேண்டும்.

முதலில் விழித்துக்கொண்ட சிலரில் மூவர் ருஷ்ய டைரக்டர்கள். ஐஸன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்ஸாந்த்ரோவ் ஆகிய மூவரும் 1928-ல், தங்கள் நாட்டில் பேசும் படம் எடுப்பதற்கான வசதி இன்னும் சரிவர ஏற்படாதிருந்த சமயத்திலேயே, ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு காட்சித் துண்டோடும் அதற்குரிய சப்தத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டால், துண்டுகளை இணைத்து அர்த்தம் பிறப்பிக்கும் கலையே அழிந்துபோகும். ஆதலால் காட்சியும் சப்தமும் வேண்டுமென்றே ஒத்துப்போகாதிருக்கும்படி செய்வதிலிருந்துதான் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மறு ஆண்டு பிரெஞ்சு டைரக்டரான ரெனே கிளேர், பேசும் படம் எப்படிப்பட்டதென்று பார்த்துவருவதற்காக லண்டனுக்குச் சென்றார். அங்கே பார்த்த ‘பிராட்வே மெலடி’ என்ற அமெரிக்கப் படத்தில் அவர் மனத்தைக் கவர்ந்தது பாட்டுமல்ல, வசனமுமல்ல. காதலன் புறப்பட்டுப் போகிறான். கதவு அறைந்து சாத்தப்படுவதும் மோட்டார் கிளம்பிச் செல்வதும் நம் காதில் விழுகின்றன. ஆனால் கதவையும் காணோம், மோட்டாரையும் காணோம். ஜன்னலருகே நின்று அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் முகம் மட்டுமே திரையில் தெரிகிறது. மௌனப் படமாயிருந்தால் கதவுக்கு ஒரு ஷாட், வண்டிக்கு ஒரு ஷாட், முகத்துக்கு ஒரு ஷாட் என்று மூன்று தேவைப்பட்டிருக்கும் இடத்தில், சப்தம் வெளிக் காரியங்களை ஏற்றுக்கொண்டு, காமிராவை அந்த முகத்தோடு இருக்க விட்டுவிட்டது. இந்தச் சிறிய கதவோசையில் கிளேர் கண்டுகொண்டது பின்னால் வந்த பெருஞ்சாதனைகளுக்கெல்லாம் வித்து என்று சொல்லலாம்.

அந்த வித்து முளைத்து மரமாக அதிக காலம் ஆகவில்லை. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங், மௌனப் படங்களில் பெரும் புகழ் பெற்ற பிறகு, 1931-ல் தமது முதல் பேசும் படமாகிய ‘எம்’ என்பதை எடுத்தார். ஒரு நகரத்தில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமற்போய்க் கொலையுண்டு கிடக்கிறார்கள். கொலைகாரன் யார் என்று தெரியவில்லை. படம் தொடங்குவதே, அந்தக் கொலைகாரனைப் பற்றி ஒரு குடியிருப்பின் முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று பாடும் ஒரு விளையாட்டுப் பாட்டில்தான். மாடியிலிருந்து ஒருத்தி அதட்டுகிறாள். அதற்கு இன்னொருத்தி, பாட்டுக் கேட்கிற வரைக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்பதாவது நமக்குத் தெரிகிறதல்லவா என்று பதில் சொல்கிறாள். சாதாரணக் குடும்ப ஸ்திரீ ஒருத்தியின் வாயில் வைக்கப்பட்ட அந்த வார்த்தைதான் படம் முழுவதற்கும் விதி. சப்தம் இருந்தால் உயிர் இருக்கிறது. சப்தம் நின்றால் பயப்பட வேண்டும். சற்று நேரத்தில் மணி பன்னிரண்டு அடிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரவேண்டிய மகளுக்காகச் சாப்பாட்டு மேஜையை ஒழுங்குபடுத்திவிட்டுத் தாய் காத்திருக்கிறாள், மகள் வரவில்லை. அவள் பெயரைச் சொல்லித் தாய் கூப்பிடத் தொடங்குகிறாள். அந்தக் குரல் ஒலிக்கும்போது திரையில் தெரிவது ஆளற்ற மாடிப்படிச் சுழல், துணி காயும் பரண், யாரும் உட்காராத நாற்காலி, தொடப்படாத தட்டு. பிறகு குரலும் ஓய்ந்துவிடுகிறது. புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் ஒரு பலூன் சிக்கித் தவித்து, விடுபட்டுப் பறந்துபோகிறது. கொலை காட்டப்படவில்லை, ஓர் அலறலும் கேட்கவில்லை. தாயின் குரல் சென்று சேராத இடங்களை மட்டும் வரிசையாகக் காட்டி, குழந்தை இனி இல்லை என்பதை லாங் நமக்கு நிச்சயப்படுத்திவிடுகிறார்.

அதே படத்தில் கொலைகாரனை நாம் அறிவது அவன் சீட்டியினால். நார்வே நாட்டுக் கிரீக் இயற்றிய ‘பியர் கிண்ட்’ இசையிலிருந்து ஒரு மெட்டை, மனம் தன் வசத்தில் இல்லாதபோதெல்லாம் அவன் சீட்டியடிக்கிறான். அந்தப் பாத்திரத்தில் நடித்த பீட்டர் லோரிக்குச் சீட்டியடிக்க வராதென்றும், படத்தில் கேட்பது லாங்கே அடித்த சீட்டி என்றும் சொல்வதுண்டு. படத்தில் பின்னணி இசை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆதலால் இந்தச் சீட்டிக்கு ஓர் அசாதாரண பலம் உண்டாகிறது. தெருவில் அது கேட்ட மாத்திரத்தில், அவன் திரையில் தோன்றாவிட்டாலும், அவன் வந்துவிட்டான் என்று நம் உடல் கூசுகிறது. போலீஸ் முழுவதும் கைரேகையும் வரைபடமும் வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்க முடியாதவனை, முன்பு அவனுக்குப் பலூன் விற்ற ஒரு குருட்டுப் பிச்சைக்காரன் அந்தச் சீட்டியைக் கேட்டே அடையாளம் கண்டுகொள்கிறான். பேசும் படம் தோன்றி நான்கே ஆண்டுகளில், கண்ணில்லாதவனை ஒரே சாட்சியாக வைத்து ஒரு கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்று ஒரு கலைஞனுக்குத் தோன்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போது, அதற்குப் பின் எத்தனையோ பத்தாண்டுகளை நாம் எவ்வளவு அசட்டையாகக் கழித்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டாகாமலிருப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். காமிரா எப்படி எதிரே உள்ளதைப் பதிவு செய்கிறதோ அப்படியே மைக்கும் எதிரே ஒலிப்பதைப் பதிவு செய்கிறது. அதில் விலகல், தேர்வு என்பதற்கெல்லாம் இடமேது என்று கேட்கலாம். உண்மையில் சினிமா சப்தம் என்றைக்குமே யதார்த்தத்தின் நேர்ப்பிரதியாக இருந்ததில்லை. மின்னல் வெட்டி, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய மூன்று விநாடி வீதம் கழிந்த பிறகே இடி நம்மை வந்தடையும் என்பது பள்ளிக்கூடப் பாடம்; படங்களிலோ மின்னலும் இடியும் பெரும்பாலும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன, நாமும் ஆட்சேபிப்பதில்லை. 1933-ல் வந்த ‘கிங் காங்’ படத்தின் ராட்சதக் குரங்கு கர்ஜிப்பதற்காக மர்ரி ஸ்பிவாக் என்ற ஒலிக் கலைஞர் சிங்கத்தின் குரலையும் புலியின் குரலையும் பதிந்து, வேகத்தைக் குறைத்தும் தலைகீழாக ஓடவிட்டும் கலந்தார். குளம்போசைக்குக் கொட்டாங்கச்சி என்பது நம் நாடகக் கொட்டகைக்கே தெரிந்த வித்தை. படத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே நடையோசை, துணியின் சலசலப்பு, பாத்திரம் வைக்கும் ஓசை ஆகியவற்றைச் செய்துகாட்டிப் பதியும் தொழில், அதை ஹாலிவுட்டில் வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயராலேயே உலகெங்கும் ஃபோலி என்று வழங்குகிறது. 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளையே எடுத்துக்கொண்டாலும், ஒரு பிரேமுக்குரிய சப்தம் அந்தப் பிரேமின் பக்கத்தில் இருப்பதில்லை. புரொஜக்டரின் வாயிலில் படம் விநாடிக்கு இருபத்து நான்கு தடவை நின்று நின்று நகரவேண்டும், சப்தமோ தடையின்றி ஒரே சீராக ஓடவேண்டும் என்பதால், அது இருபது பிரேம்கள் முன்னதாகவே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக நிகழ்வதாக நமக்குத் தோன்றுவது, தனித்தனியாகச் செய்யப்பட்ட இரண்டு பொருள்கள் நம் மனத்தில் சேர்வதால் உண்டாகும் பிரமை. சேர்க்கிறவன் மனிதன் என்றால், எதை எதோடு சேர்ப்பது என்ற தேர்வும் அவனுடையதே.

அந்தத் தேர்வின் மகிமையை அறிய, உலகமெங்கும் பல்லாயிரம் பேர் பார்த்திருந்தும் காதால் கவனித்தவர்கள் குறைவாகவே உள்ள ஒரு காட்சியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1972-ல் பிரான்ஸிஸ் ஃபோர்ட் கொப்போலா எடுத்த ‘காட்ஃபாதர்’ படத்தில், குடும்பத் தொழிலில் தலையிடாமல் ஒதுங்கியிருந்த இளைய மகன் மைக்கேல், தன் தகப்பனாரைச் சுடச் செய்தவனையும் அவனுக்குத் துணையான போலீஸ் அதிகாரியையும் கொல்வதற்காக, நியூயார்க்கில் ஒரு சிறு உணவுச்சாலையில் அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் துப்பாக்கி மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அவன் எழுந்து சென்று அதை எடுத்துக்கொண்டு திரும்பியதும் சுட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவனோ திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்துவிடுகிறான். எதிரே இருப்பவன் இத்தாலிய பாஷையில் பேசிக்கொண்டே போகிறான். அதற்கு அடியில் மொழிபெயர்ப்பு எழுத்துகள் ஓடுவதில்லை. காமிரா மைக்கேலின் முகத்தை மெல்ல அணுகுகிறது. கண்கள் மட்டும் இங்குமங்கும் அலைகின்றன. அப்போது எங்கிருந்தோ ரயில் சக்கரங்கள் இரும்பில் உராயும் கிறீச்சென்ற ஓசை எழுந்து, வளர்ந்து, பேச்சை விழுங்கி, சகிக்க முடியாத உச்சத்தை எட்டுகிறது. அவன் எழுந்து சுடுகிறான். ரயில் என்று ஒன்று அந்தக் காட்சியில் எங்குமே காட்டப்படவில்லை. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதுமில்லை.

இந்த ரயிலோசையை அங்கே வைத்தவர் ஒலிக் கலைஞர் வால்டர் மர்ச். நான் வியப்பது அந்த ஓசையின் உரப்பையல்ல, அது அமைக்கப்பட்டிருக்கும் விதத்திலுள்ள நிதானத்தை. தூண்களின் மேல் ஓடும் ரயில் அந்த நகரத்துப் பேட்டைகளுக்கு இயல்பானது. ஆகவே புத்தி அதைக் கேட்டு எதிர்ப்பதில்லை. கழிவறையில் துப்பாக்கியைத் தேடும்போதே அதன் உறுமல் கேட்டுவிடுகிறது. ஆகவே இரண்டாம் முறை வரும்போது காது அதை அந்நியமாக எண்ணுவதில்லை. ஆனால் ஓர் அறைக்கு வெளியே ஓடும் ரயில் அவ்வளவு உரக்கக் கேட்பது சாத்தியமல்ல. அந்த மிகுதியை மனம் இடத்தின் கணக்கில் எழுத முடியாமல் மனிதனின் கணக்கில் எழுதுகிறது. அது மைக்கேலின் தலைக்குள் ஓடும் ரயிலாகிவிடுகிறது. அதுவரை நல்லவனாக இருந்த ஒருவன் இனித் திரும்ப முடியாத வாசலைத் தாண்டும்போது அவனுள் எது எதோடு உராய்ந்தது என்பதை எந்த வசனத்தாலும் சொல்லியிருக்க முடியாது. இத்தாலியப் பேச்சு மொழிபெயர்க்கப்படாததன் காரணமும் இப்போது விளங்குகிறது. அர்த்தத்தைப் பின்தொடரும் வேலையிலிருந்து காது விடுவிக்கப்பட்டால்தான், அர்த்தமற்ற அந்த இரும்போசைக்கு அதில் இடம் இருக்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இந்நேரம் முழுவதும் இசை கிடையாது. நீனோ ரோட்டாவின் இசை தொடங்குவது, கொலை முடிந்து துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவன் வெளியேறும்போதுதான். அதே இசை முன்னதாகவே ஒலித்திருந்தால் அது பரபரப்பை ஊட்டும் கருவியாகியிருக்கும். பின்னால் ஒலிப்பதால் நடந்துவிட்டதற்கு இரங்கும் துக்கமாகிறது. இசையைத் தடுத்து நிறுத்தி வைத்திருந்த அந்தச் சில நிமிஷங்களுக்கு இருக்கும் கௌரவம், நம் படங்களில் இடைவிடாது ஒலிக்கும் வாத்தியங்களுக்கு ஒருநாளும் கிட்டுவதில்லை.

மர்ச் வைத்த ரயில் ஒரு கணத்துக்குரியது. ஒரு படம் முழுவதையுமே கேட்டறியும் உலகமாக அமைத்தவர் பிரெஞ்சு டைரக்டர் ரோபர் பிரெஸ்ஸோன். ஆந்த்ரே தெவிஞி என்ற பிரெஞ்சு வீரர் 1943-ல், லியோன் நகரத்து மோன்லுக் சிறையில் ஜெர்மானியரின் காவலிலிருந்து தப்பிய உண்மை வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு அவர் 1956-ல் எடுத்த படத்தின் பெயரே, மரண தண்டனை பெற்ற ஒருவன் தப்பிவிட்டான் என்று முடிவைச் சொல்லிவிடுகிறது. என்ன நடக்கும் என்ற ஆவலைத் தலைப்பிலேயே துறந்துவிட்ட ஒரு கலைஞனுக்கு, எப்படி நடக்கிறது என்பதைக் கணம் கணமாகக் கேட்கச் செய்யும் சுதந்திரம் கிடைக்கிறது. தனியறையில் அடைபட்ட கைதிக்குக் கண்ணால் காண்பதற்கு நான்கு சுவரும் ஒரு கதவுமே உண்டு. மற்ற உலகம் முழுவதும் அவனுக்குக் காது வழியாகவே வருகிறது. மாடிப்படியின் இரும்புக் கம்பிகளில் சாவியை உரசிக்கொண்டு காவலாளி வருவது, பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டுவது, சிறைக்கு வெளியே எங்கோ டிராம் ஓடுவது, கூட இருந்தவன் ஒருவனின் ஆயுள் முடிந்ததைச் சொல்லும் துப்பாக்கி வெடிகள் ஆகிய எல்லாம் அப்படி வருகின்றவையே. கூராக்கிய கரண்டியால் கதவின் பலகை இடுக்கை அவன் சுரண்டும் ஓசை நமக்கு ஒரே சமயத்தில் நம்பிக்கையும் பயமுமாக ஒலிக்கிறது; ஏனெனில் அதை நாம் கேட்பதுபோலக் காவலாளியும் கேட்கக்கூடும்.

தப்பிச் செல்லும் இரவில், கூரைமேல் பரப்பியிருக்கும் சரளைக்கல் காலடியில் நொறுங்கும் ஓசையை மறைக்க, ரயில் கடந்து போகும் நேரம் பார்த்துத்தான் அவனும் கூட வரும் சிறுவனும் அடியெடுத்து வைக்கிறார்கள். இரண்டு மதில்களுக்கு நடுவே உள்ள பாதையிலிருந்து, இன்னதென்று தெரியாத ஒரு கிரீச்சொலி சீரான இடைவெளியில் வந்து வந்து போகிறது. அது என்னவாக இருக்கும் என்று அவர்களைப் போலவே நாமும் இருட்டில் செவி சாய்த்துத் திகைத்திருக்கும்போது, ரோந்து சுற்றும் காவலாளியின் சைக்கிள் அது என்பது பின்பு தெரியவருகிறது. பயத்துக்குக் காரணமான பொருளைக் காட்டாமல் அதன் ஓசையை மட்டும் முன்னதாக அனுப்பிவைத்ததால், ஓட்டைச் சைக்கிள் ஒன்று பீரங்கியைவிடப் பயங்கரமாகிவிட்டது. வெளியில் உள்ளதைப் பார்ப்பதில் கண்ணுக்கும், உள்ளுக்குள் ஆழ்வதில் காதுக்கும் வல்லமை அதிகம் என்பது பிரெஸ்ஸோனின் சித்தாந்தம். காதால் ஓர் இடத்தை உணர்த்த முடியுமானால் அங்கே காட்சியைக் குறைத்துவிட வேண்டும் என்று அவர் கருதினார். சிக்கனம் என்ற குணத்தை அவரைப்போல் சப்தத்தில் கடைப்பிடித்தவர் வேறொருவர் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சிக்கனத்துக்கு எதிர்முனையில் நிற்பவர் வங்காளத்தின் ரித்விக் கட்டக். தேசப் பிரிவினையால் சொந்த மண்ணை இழந்து கல்கத்தாவின் புறத்தே அகதிக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தை, வேலை செய்து தாங்கித் தாங்கியே தேய்ந்து அழியும் நீதா என்ற மூத்த மகளின் கதை 1960-ல் வெளிவந்த அவருடைய ‘மேகே டாக்கா தாரா’. அவளைக் காதலித்த சனத், அவளுடைய தங்கையையே நாடிவிட்டான் என்பதை அவள் அறிந்துகொண்டு அவன் வீட்டு மாடிப்படியில் இறங்கி வரும்போது, சாட்டை வீசியடிக்கும் ஓசை கேட்கிறது. சாட்டை அந்த வீட்டில் இல்லை, அந்தத் தெருவில் இல்லை, அந்தக் கதையிலேயே எங்கும் இல்லை. ‘காட்ஃபாதர்’ ரயிலுக்காவது பக்கத்துத் தெருவில் ஒரு தண்டவாளம் இருந்திருக்கக்கூடும். இந்தச் சாட்டைக்கு அப்படிப்பட்ட முகவரி எதுவும் கிடையாது. யதார்த்தம் என்ற வேலியை இவ்வளவு துணிவாகத் தாண்டியதைச் சிலர் மிகையென்று குறை கூறலாம். எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை. நீதா தன்னைப் பற்றி வாய் திறந்து முறையிடாதவள். அவள் முகமும் பொறுத்துப் பொறுத்துப் பழகியது. அவள் முதுகில் விழும் அடி அவள் முகத்தில் தெரியாதென்றால் வேறு எங்கேதான் தெரிவது? வீட்டில் நடக்கும் காட்சிகளிலும், மகள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் சம்பாத்தியம் போய்விடுமே என்று தாயின் மனம் கலங்கும்போது, அடுப்பில் ஏதோ கொதிக்கும் ஓசை இயல்பான அளவைத் தாண்டி எழுகிறது. அந்தத் தாயைக் கெட்டவள் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடாதபடி தடுப்பதும் அந்த ஓசைதான். பசி பேசுகிறது என்று அது நமக்கு ஞாபகப்படுத்துகிறது.

க்ஷயரோகத்தோடு மலைப் பிரதேசத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் நீதாவைப் பார்க்க, இப்போது பெரிய பாடகனாகிவிட்ட அவள் தமையன் வருகிறான். வீட்டுச் செய்திகளை அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தான் வாழ விரும்பியதாக அவள் வெடித்துக் கதறுகிறாள். ஆயுள் முழுவதும் அடக்கிவைத்திருந்த அந்தக் குரல் வெளிப்பட்டதும், காமிரா அவளை விட்டுவிட்டு மலைகளைச் சுற்றி வருகிறது. அவள் திரையில் இல்லை, குரல் மட்டும் மலைக்கு மலை மோதி எதிரொலிக்கிறது. ‘எம்’ படத்தின் தாய் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராததும், நீதாவின் குரலுக்கு மலைகள் மட்டுமே பதில் சொல்வதும் ஒரே இலக்கணத்தின் இரண்டு உதாரணங்கள். உடலைவிட்டு நீங்கிய குரல், அந்த உடலுக்குரியவரின் சொந்தத் துயரமாக மட்டும் நின்றுவிடாமல், நிலத்துக்கே உரிய துயரமாகிறது. வீடிழந்த ஒரு ஜனசமூகத்தின் கதறலை ஒரு பெண்ணின் வாயில் வைத்து, பிறகு அவளிடமிருந்தும் எடுத்து மலையிடம் கொடுத்துவிட்டதில்தான் கட்டக்கின் மேதை இருக்கிறது.

இவ்வளவு காரியங்கள் நடந்த பிறகே இதற்கென்று ஓர் உத்தியோகப் பெயர் உண்டாயிற்று. 1979-ல் வந்த கொப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்தில் சப்தத் தொகுப்பும் வடிவமைப்பும் என்று மர்ச்சின் பெயர் போடப்பட்டது. திரைக்குப் பின்னால் மூன்று, பார்வையாளருக்குப் பின்புறம் இரண்டு, ஆழ்ந்த அதிர்வுகளுக்கென ஒன்று என்று ஆறு வழிகளில் சப்தத்தைப் பிரித்து அனுப்பும் அப்படத்தின் ஏற்பாடுதான் இன்று தியேட்டர்களில் சாதாரணமாகிவிட்ட 5.1 முறைக்கு மூலம். படத்தின் ஆரம்பத்தில் ஹெலிகாப்டரின் விசிறி, மின் கருவியால் உண்டாக்கப்பட்ட ஓர் ஆவி ஓசையாக, கொட்டகையைச் சுற்றிச் சுழல்கிறது. ஸைகோன் ஹோட்டல் அறையில் படுத்திருக்கும் சிப்பாயின் தலைக்குமேல் மின்விசிறி சுழல்கிறது. பிறகு நிஜமான ஹெலிகாப்டர் ஒன்று ஜன்னலுக்கு வெளியே கடந்து செல்கிறது. ஞாபகமும் பிரத்தியட்சமும் எங்கே பிரிகின்றன என்று அந்தச் சிப்பாய்க்கே தெரியவில்லை என்பதைக் காது நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆறு ஒலிபெருக்கி வழிகள் இதற்கு உதவின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் லாங்குக்கு ஒரே வழிதான் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்ப் படத்துக்கு இந்தப் பாதை முற்றிலும் அந்நியமானதல்ல. 1938-ல் வந்த ‘நந்தகுமார்’ காலத்திலேயே ஒருவர் நடிக்க வேறொருவர் பாடுவது இங்கே தொடங்கிவிட்டது. பின்னர் டி. எம். சௌந்தரராஜன் என்ற ஒரே பாடகரின் குரலை எம்.ஜி.ஆர். வாயிலும் சிவாஜி வாயிலும் கேட்டு, இருவருக்கும் பொருந்துகிறதென்று நம் ஜனங்கள் மனமார ஏற்றுக்கொண்டார்கள். உடல் ஓரிடத்தில், குரல் வேறோரிடத்தில் என்ற பிரிவினையை ருஷ்யர் மூவரும் கனவு கண்டதற்கு மேலாகவே நாம் அனுஷ்டித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பிரிவினை தெரியாமல் மறைப்பதற்கே நம் திறமை முழுவதும் செலவாயிற்று, அதிலிருந்து அர்த்தம் பிறப்பிப்பதற்குச் செலவாகவில்லை. விதிவிலக்காக 1954-ல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ வந்தது. அதன் டைரக்டர் எஸ். பாலசந்தர் வீணை வித்வான். அப்படிப்பட்டவர் ஒரு பாட்டுக்கூட இல்லாத படம் எடுத்தார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. 1943-ல் ஜப்பானிய குண்டுவீச்சுப் பீதியில் இருந்த சென்னையில், ஒரு துப்பாக்கி வெடியோடு தொடங்குகிறது கதை. அந்த வெடியைச் சுட்ட கை யாருடையது என்பதை ஒவ்வொருவர் வாக்குமூலமாகத் தேடுவதே படம். ஓசை முதலில், காரணம் கடைசியில் என்ற அமைப்பின் பெருமையை நாம் அன்றே உணர்ந்திருந்தால், பாட்டில்லாத படம் என்ற அதிசயத்தோடு அதைப் பற்றிய பேச்சை நிறுத்தியிருக்க மாட்டோம்.

அதன் பிறகு நம் ஸ்டூடியோக்களில் நிலைபெற்ற வழக்கம் வேறு. இரைச்சலிடும் காமிராக்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்ததும், படப்பிடிப்பு ஸ்தலத்தில் பதிந்த குரல் வழிகாட்டிக் குறிப்பாக மட்டும் பயன்பட்டு, பேச்சு முழுவதும் பின்னால் டப்பிங் அறையில் பதியப்பட்டது. வசனத்தை மாற்றவும் திருத்தவும் இதில் உள்ள வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடிகரின் குரலோடு சேர்ந்து அந்த இடத்தின் சுவாசமும் போய்விட்டது. வயல் நடுவே நின்று பேசுகிறவர் குரலில் வயல் இல்லை; ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் குரலில் திண்ணை இல்லை. அந்த வெறுமையை நிரப்ப ரீ-ரிக்கார்டிங்கில் இசை வந்தது. நிரப்புவதே வேலையாகிவிட்டபடியால் இடைவெளியே கூடாதென்பது விதியாயிற்று. 2001-ல் வந்த ‘லகான்’ படப்பிடிப்பு ஸ்தலத்திலேயே குரல் பதிந்து எடுக்கப்பட்டதும், கேரளத்தில் பிறந்து புனா திரைப்படக் கல்லூரியில் பயின்ற ரசூல் பூக்குட்டிக்கு 2009-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்ததும் இந்தியச் சப்தக் கலைஞர்களுக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்தன. கருவிகளைப் பொறுத்தவரை இன்று சென்னைக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை காலத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. கொப்போலா 1974-ல் எடுத்த ‘கான்வர்ஸேஷன்’ என்ற படத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஒரு சதுக்கத்தில் இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பதிந்த ஒலிநாடாவைக் கதாநாயகன் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறான். ஒரே வாக்கியத்தில் அழுத்தம் எந்த வார்த்தையின் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்து, கொல்லப்படப் போகிறவர் யார், கொல்லப் போகிறவர் யார் என்பதே மாறிவிடுகிறது. இந்தக் கதை சப்தமின்றிக் காகிதத்தில்கூட எழுத முடியாதது. படமெடுத்து முடித்ததும் டைரக்டர் அடுத்த படத்துக்குப் போய்விட, படத்தொகுப்பையும் சப்தத்தையும் மர்ச்சே ஒன்றாக வைத்துக்கொண்டு கவனித்தார். ஒலியைக் கேட்டே காட்சியை வெட்டினார், காட்சியைப் பார்த்தே ஒலியை மாற்றினார். நம் வழக்கத்தில் சப்தக் கலைஞரிடம் படம் வந்து சேர்வது வெட்டி முடித்து, ரிலீஸ் தேதியும் குறித்த பிறகு. அப்போது அவரால் செய்யக்கூடியது, தெரிகிற பொருளுக்கெல்லாம் ஓசை வைப்பது ஒன்றே. தெரியாததைச் சிருஷ்டிக்க வேண்டிய இடங்களை வசனமும் ஷாட்டுகளும் முன்னமே அடைத்துவிட்டிருக்கும். மைக்கேலின் முகத்தின் மேல் காமிரா அத்தனை நேரம் நின்றிராவிட்டால், ரயில் ஓடுவதற்கு இடமே இருந்திராது. ஆகவே திரைக்கதையைப் படிக்கும் முதல் கூட்டத்திலேயே சப்தக் கலைஞரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தச் செய்தியைக் காட்டாமல் கேட்கச் செய்யலாம் என்று அவர் கேட்கும் கேள்விக்கு எழுதுகிறவரும் டைரக்டரும் பக்கத்துக்குப் பக்கம் பதில் வைத்திருக்க வேண்டும். படப்பிடிப்புக்குச் செல்லும் ஒவ்வொரு ஊரிலும், யூனிட் கலைந்து ஜெனரேட்டர் நின்ற பிறகு, அந்த ஊரின் விடியற்காலையையும் உச்சிவேளையையும் நடுநிசியையும் தனியாகப் பதிந்துகொள்ள அவருக்கு ஒரு நாளாவது பட்ஜெட்டில் எழுதப்பட வேண்டும். நட்சத்திரத்தின் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவுகூட அதற்கு ஆகாது.